நான்காவது எண்

பெட்டி திறந்துவிட்டது. நான்காவது கணக்கு மட்டும் காலியாக இருந்தது, ஏழு குழுக்களின் தாளிலும்.

என் விளையாட்டுத்தாளில் நான்கு கணக்குகள். ஒவ்வொன்றின் விடையும் ஓர் எண். நான்கும் சேர்ந்தால் பெட்டியின் எண்பூட்டு திறக்கும். உள்ளே மிட்டாய். நான்காவதான நெம்புகோல் கணக்குதான் கடினம். அதைப் போடாமல் எப்படித் திறந்தார்கள்?

எனக்கு ஸ்வெதோமிரா மேல்தான் சந்தேகம். பிளவ்திவ் நகரில் எங்கள் தொழில்நுட்பப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியைகள் நாங்கள் இருவர். அவளிடமும் இதே பூட்டு, இதே பெட்டி. ஆனால் மணி அடித்தாலும் அவள் பிள்ளைகள் எழுவதில்லை. என் பிள்ளைகள் மிட்டாய் தீர்ந்ததும் பையை மூடிவிடுவார்கள். டிசம்பரில் திறந்த பாடம். பெற்றோரும் ஆசிரியர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பதினொரு வருடமாக அதை நடத்துவது நான். இந்த வருடம் பள்ளி இயக்குநர் அவள் வகுப்பு வாசலில் மூன்று முறை நின்றார். எண்ணி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் அறையில் அவள் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சா தின்றுகொண்டிருந்தாள்.

"என் பூட்டு எண்ணை என் பசங்ககிட்ட நீதானே சொன்னே?"

"எனக்கே தெரியாதேடி, வெனெதா!" என்று சிரித்தாள். "உன் பசங்களையே கேளு. முறைக்காதே, பனித்சா ஆறுது."

அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலூட்டியது. என் மாணவன் ஸ்லாவ்சோவைப் பிடித்தேன்.

"மேடம், மூணு எண் கிடைச்சாச்சு. மிச்சம் ஒண்ணுக்குப் பத்தே எண்தானே? சும்மா சுத்தினோம், ஏழுல திறந்துடுச்சு. கணக்குப் போட்டா கால் மணி நேரம் ஆகும்!"

"ஸ்வெதோமிரா மேடம் வகுப்புலயும் சுத்துறாங்களா?"

"அவங்க தாள்ல அது நடக்காதாம் மேடம்."

நான் குற்றம் சாட்டியவளிடமே போய்த் தாளைக் கேட்டேன்.

"எடுத்துக்கோ," என்றாள். "இன்னொண்ணு, திறந்த பாடம் எனக்குத்தான்னு இயக்குநர் நேத்து சொல்லிட்டாரு. உனக்கு நானே சொல்லணும்னு இருந்தேன்."

தாளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்து என் தாளைத் திருத்தினேன். அவள் செய்ததுதான்: நெம்புகோல் கணக்கு முதலில், அதன் விடை இரண்டாவது கணக்குக்குள், இரண்டாவதன் விடை மூன்றாவதற்குள், அப்படியே நான்காவது வரை. முதல் கணக்கைப் போடாவிட்டால் ஓர் எண்ணும் கிடைக்காது; பூட்டைச் சுற்றுவதென்றால் பத்து முறை போதாது, பத்தாயிரம் முறை வேண்டும். கடைசிக் கணக்கு எளிது. சுற்றுவதைவிடப் போடுவதே சீக்கிரம்.

வியாழக்கிழமை ஏழு தாளிலும் நெம்புகோல் கணக்கு போடப்பட்டிருந்தது.