வேலப்பன் கரையேறாத அத்தியாயம்

நர்மதாவின் நாவல்களில் யாரும் சாவதில்லை. புயல் வரும், பாய்மரம் முறியும், குடிநீர் தீர்ந்து போகும், பெயர் தெரியாத தீவில் மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கவும் நேரும். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் வேலப்பனும் அவன் மனைவி மலிகாவும் மகள் எழில்மொழியும் ஈரத் துணியோடு சொந்தக் கரையில் வந்து இறங்கிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவள் இந்த ஓர் உறுதியையாவது கொடுத்தாக வேண்டும் என்பது அவள் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம். அந்தமான், இலட்சத்தீவு, யாழ்ப்பாணம் என்று எட்டு நூல்களில் அந்தக் குடும்பம் சுற்றி வந்திருந்தது. அவர்களை அனுப்பி வைத்த நர்மதாவோ திருவொற்றியூர் மாடி வீட்டைவிட்டு அதிகம் நகர்ந்தவள் அல்லள்.

கடலை அவளுக்குச் சொன்னவன் தம்பி எத்திராஜ். முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே மங்கையைக் கட்டிக்கொண்டு, ஃபைபர் படகில் பழவேற்காட்டுக்கு அப்பால் போயறியாதவன். எந்தக் காற்றுக்கு அலை எப்படி மடியும், பழைய அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கையும் கோயில் கோபுரத்து விளக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தி இருட்டில் முகத்துவாரத்துக்குள் எப்படி நுழைவது என்றெல்லாம் அவன் சொல்வான். அவள் அதைத் தன் திருத்தமான தமிழில் எழுதிக்கொள்வாள். முதல் நாவலில் வேலப்பன் அந்தக் குறியை வைத்துத்தான் வீடு சேர்ந்தான். பிற்பாடு புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்த்தபோது, எத்திராஜ் அன்றே ஃபோன் செய்தான்.

"அக்கா, உன் ஆளுக்கு வேற குறி பாத்துக் குடுத்துடு. இல்லன்னா குடும்பத்தோட தூத்துக்குடிக்குப் பூடப் போறான்."

அடுத்த நூலிலிருந்து அவள் புகைபோக்கியை எடுத்துவிட்டாள்.

போன கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த பிறகு, போட்ட வலையை எடுத்து வருகிறேன் என்று எத்திராஜ் தனியாகக் கடலுக்குப் போனான். படகு இரண்டாகப் பிளந்து காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, அவன் சட்டையை அதற்குப் போட்டு, கரையில் வைத்து எரிப்பார்கள். அந்தச் சட்டையைப் பெண்டாட்டிதான் தன் கையால் கொடியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் எடுக்காதவரை ஊர்ப் பெரியவர்களும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனி பிறந்துவிட்டது. எத்திராஜின் சட்டைகள் கொடியிலேயே தொங்கின.

ஒன்பதாவது நாவலின் பாதியில் நர்மதா நின்றிருந்த நாளில், எத்திராஜின் மகள் மலர் பள்ளிச் சீருடையோடு மாடியேறி வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"செருப்ப நேரா வெச்சுட்டு உள்ள வா" என்றாள் நர்மதா.

மலர் செருப்பை நேராக வைத்தாள். உட்காரவில்லை.

"அத்த, இந்தப் பொஸ்தகத்துல வேலப்பன் இன்னா ஆவறாரு?"

"என்ன ஆவார், எப்பவும்போலத் திரும்பி வருவார்."

"வோணாம் அத்த. அவரு வரக்கூடாது."

நர்மதா பேனாவை மூடி வைத்தாள்.

"அம்மா தெனம் சாயங்காலம் முகத்துவாரத்துக்குப் போவுது. மொதல்ல மணல்ல குந்திகினு இருந்துச்சு. அப்புறம் முட்டி வரைக்கும் எறங்குச்சு. போன வாரம் இடுப்பு வரைக்கும் பூட்டுது. நான்தான் பொடவையப் புடிச்சி இழுத்துகினு வந்தேன்" என்றாள் மலர். "காரியம் பண்ணிடலாமான்னு ஊர்ல வந்து கேட்டாங்க. வேலப்பன் தீவுல கெடந்துட்டு வரலையான்னு அம்மா திருப்பிக் கேக்குது. அவங்க இன்னா சொல்லுவாங்க, எந்திரிச்சிப் பூட்டாங்க."

"அது கதைன்னு மங்கைக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா வேலப்பன் பேசறது, வெய்யறது, பீடி கேட்டு மொணவறது எல்லாம் நைனா மாரியே கீதே. நீதானே அப்டி எய்தி வெச்ச? எட்டுப் பொஸ்தகத்தையும் நான்தான் படிச்சிக் காமிச்சேன். அவரு வரலன்னு நீ ஒரு தபா எய்திட்டா அம்மா நம்பிடும்."

மங்கைக்கு எழுத்துத் தெரியாது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகள் வாயால் அந்த நாவல்களைக் கேட்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

பிள்ளைகள் படிக்கிற நூலில் தகப்பனைச் சாகடிக்க முடியாது என்று நர்மதா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தக் கண்டிப்பு பொய் என்பது அவளுக்கே தெரியும். புயலுக்குப் பிறகு அவள் எழுதியவை அனைத்தும் தம்பியின் குரலைக் கேட்பதற்காக எழுதியவை. வேலப்பன் வாயைத் திறந்தால் எத்திராஜ் பேசினான். நாவல் முடியாதவரை அவன் கடலில் எங்கோ இருந்தான்.

ஆனால் இடுப்பளவுத் தண்ணீர் என்ற சொல் அவளை விடவில்லை. ஒரு வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திருத்துகிறவள், அந்த அத்தியாயத்தை ஓர் அடித்தல் இல்லாமல் எழுதி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாள்களை எடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குப் போனாள். கழிமுகத்தின் தண்ணீர் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து அசையாமல் கிடந்தது. மங்கை தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"வா அண்ணி. அவரு இல்லாத நேரமாப் பாத்து வந்துகீற."

நர்மதா தாள்களை மலரிடம் நீட்டினாள். "புதுசு. படிச்சுக் காட்டு."

மலர் சுவரில் சாய்ந்து படிக்கத் தொடங்கினாள். புயல் வந்தது. படகு பிளந்தது. வேலப்பன் மனைவியையும் மகளையும் மிதவையில் ஏற்றினான். மங்கையின் முறம் ஒரே சீராக எழும்பித் தாழ்ந்தது.

"வேலப்பன் கயிற்றை எடுப்பதற்காகப் படகுக்குத் திரும்பினான்" என்று படித்த மலர் நிறுத்தினாள். அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள்.

"அப்புறம் அவன் நீஞ்சிகினே வந்தான். ராத்திரி பூரா நீஞ்சினான். தூரத்துல பொகபோக்கி வெளக்கு தெரிஞ்சிச்சு. அதையும் கோபுரத்தையும் ஒரே கோட்டுல வெச்சி, நேரா முகத்துவாரத்துக்குள்ள வந்துட்டான்."

அப்படி ஒரு வரி தாளில் இல்லை. இந்த முடிவைக் கேட்டு வந்தவளே அதைத் தாய்க்குப் படித்துக் காட்ட முடியாமல் தடுமாறுவதை நர்மதா பார்த்தாள். வாயைத் திறந்து திருத்தியிருக்க வேண்டும். செய்தி வாசிப்பவர்களின் பிழையைக்கூடப் பொறுக்காதவள், கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இப்படியே முடிந்துவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது.

முறம் நின்றது.

"எந்தப் பொகபோக்கி?" என்றாள் மங்கை.

"அந்தப் பெரிசுதான்."

"அதத்தான் வெடி வெச்சி இடிச்சிட்டாங்களே. அன்னிக்கு உங்க நைனா சோறு துன்னல. ஒங்க அத்தைக்குத் தெரியும். அது இப்டி எய்தாது."

மலர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மங்கை முறத்தைச் சுவரோரம் வைத்தாள்.

"இன்னா எய்திகீதோ அதப் படி."

"அம்மா..."

"படி கண்ணு."

மலர் படித்தாள். குரல் பல இடங்களில் உடைந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை.

"அதன்பிறகு வேலப்பனை யாரும் பார்க்கவில்லை. விடியும்வரை மலிகா அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தபோது மகளுக்குத் தாகமெடுத்தது. மலிகா அழைப்பதை நிறுத்திவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தாள்."

வெளியே யாரோ படகு எஞ்சினைக் கிளப்பிப் பார்த்து அணைத்தார்கள்.

"அவளுக்குத் துடுப்பு போடத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது. போகப்போகக் கத்துக்குவா."

"கரைக்கு வந்தாங்களா?"

"இன்னும் எழுதல, மங்கை."

மங்கை வெகுநேரம் தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வழக்கமாக முகத்துவாரத்துக்குக் கிளம்பும் பொழுது வந்ததும் எழுந்தாள். மலரும் எழுந்து வாசலை மறித்தாற்போல் நின்றாள். மங்கை வாசல் பக்கம் வரவில்லை. கொடியருகே போய் நின்று, சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்யாணச் சட்ட வோணாம். கக்கத்துல புடிக்குதுன்னு வெய்வாரு" என்றாள். பிறகு நீலக் கட்டம் போட்ட சட்டையை உருவி எடுத்து, நாத்தனாரின் மடியில் வைத்தாள். "இத்த ஊர்ல குட்த்துடு அண்ணி."

மலர் வாசலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். மங்கை போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

நர்மதா சட்டையின் கையைக் கையோடு சேர்த்து, கழுத்துப்பட்டியை நீவி, நேராக மடித்தாள். மூன்றாவது பொத்தான் இல்லை.

"ஊசி நூல் இருக்கா?" என்றாள்.

"எரிக்கறதுக்கு இன்னாத்துக்கு அண்ணி பட்டனு?"

நர்மதா தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பொத்தான் இல்லாத இடத்தைச் சேர்த்துப் பிடித்துக் குத்தினாள். பார்வை மங்கியிருந்ததால் முதல் இரண்டு தடவை ஊக்கு விரலில்தான் ஏறியது.