ஃபோல்டருக்குள் ஓடிய வாய்க்கால்

அந்த வசந்தத்திலிருந்து தலாஸ் பள்ளத்தாக்கின் வாய்க்கால் மதகுகள் தாமாகவே திறந்து மூடின. அவை கையால் தூக்க வேண்டிய துருப்பிடித்த இரும்புப் பலகைகள். நீர்ப் பங்கீட்டு அலுவலகக் கணினிக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆனாலும் காரணம் அந்தக் கணினியில் புருல்சா உண்டாக்கிய ஃபோல்டர்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

கணினியைப் பார்த்துக்கொள்வது புருல்சாவின் வேலை. எந்த வயலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதைக் கணினிதான் வகுக்கும். அலுவலகத் தலைவர் ஜானுசாக் தன் கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்து, கடைமடைக்காரர்களின் முறையைத் தன் மீன்குளத்துக்கு மாற்றிக்கொள்வார். பட்டப்பகல் திருட்டு. கேட்டால், மலையில் பனி குறைவு என்பார். போன வருடம் அவர் குளத்தில் மீன் துள்ளியபோது கடைமடையில் புருல்சாவின் பீன்ஸ் வயல் சருகானது. அவள் கணவன் மாஸ்கோவுக்குத் தெருப்பனி அள்ளப் போனான். இந்த வருடமும் காய்ந்தால் மகளை விட்டுவிட்டு அவளும் போக வேண்டியதுதான்.

அதனால் அவள் கணினியை இயக்கும் லினக்ஸில் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இன்னொரு குட்டி லினக்ஸை நிறுவினாள். அத்தியாவசியச் சாமான்கள் மட்டும் இணையத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கின. பிறகு, இந்த ஃபோல்டர்தான் உனக்கு முழு உலகம் என்று ஒரு கட்டளையிட்டு, பங்கீட்டு நிரலை அதற்குள் ஓடவிட்டாள். ஜானுசாக்கின் கடவுச்சொல் அதற்குள் செல்லாது. மறுநாள் ஜானுசாக்கின் மதகு தானாக இறங்கியது. ஆட்கள் தொங்கிப் பார்த்தும் எழவில்லை.

"ஏம்மா, இங்க நான் தலைவனா, உன் டப்பா தலைவனா?"

"அதுக்கு உங்களத் தெரியாது, ஜானுசாக் பைகே. ஃபோல்டருக்கு வெளிய ஒண்ணுமே இல்லன்னு நினைக்குது." மூத்த ஆண்களை அங்கே பைகே, அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்போ அறிமுகப்படுத்தி வை!"

"உங்க பேரச் சொல்லிப் பாத்தேன். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிடுச்சு."

உள்ளே இருப்பதற்கு வெளியே எட்டிப் பார்க்க முடியாது. வெளியே இருப்பவனோ உள்ளே கைவைக்கலாம். உலகத்தின் அநியாயம் அங்கேயும் அப்படித்தான். ஜானுசாக் அவள் கண்ணெதிரே ஃபோல்டரை அழித்தார். ஆனாலும் நிரல் நிற்காமல் ஓடியது. கோப்புகள் அழிந்தாலும், ஏற்கெனவே ஓடும் நிரல் உடனே நிற்காது என்பதைப் புருல்சா அறிவாள். அவர் மின்கம்பியையும் பிடுங்கினார். கணினிக்குள் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அது அவளும் அறியாதது.

"சூனியக்காரி!" என்று கத்தி அவளை வேலையை விட்டுத் துரத்தினார். கணினியைத் தூக்கிப்போய்த் தன் குளத்திலேயே எறிந்தார். மாலைக்குள் குளம் வற்றி, தண்ணீர் மீனோடு மேட்டின் மேல் ஏறிக் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் பீன்ஸ் பாத்திகளில் மீன் பொறுக்கி அங்கேயே வறுத்தார்கள். "பைகே, உப்பு கொஞ்சம் தூக்கல்தான், வந்து சாப்பிடுங்க!" என்று ஒருத்தி அவர் வீட்டுப் பக்கம் பார்த்துக் கூவினாள்.

அறுவடையானதும் கணவன் திரும்பி வந்தான். பறித்த வேலையைப் புருல்சாவுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. கருகிப்போன வருடத்துக்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜானுசாக் இன்றும் தலைவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவருடைய முறை. மண்வெட்டியோடு மதகருகே நிற்கிறார். அது தானாகத் திறக்கும்போது, ஒதுங்கி வழிவிடுகிறார்.