பதினொரு படங்களின் கையெழுத்து

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, சொல்லித் தொலைத்தாள்.

ஓவியர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படங்களுக்கு விலை வைக்க கேலரியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்திருந்தார். ஆள் போய்ச் சேர்ந்ததும் படத்துக்கு மவுசு ஏறிவிடுமாம், இனிமேல் வரைய ஆளில்லையே. என்ன உலகமோ, போங்கள். விலை எக்கேடும் கெட்டுப் போகட்டும். கேலரி போடப்போகும் புத்தகத்தில் கணவரின் கடைசிப் பதினொரு படங்களும் ஏறிவிட்டால் போதும் என்றிருந்தாள் மனைவி. பக்கவாதம் வந்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் அவர் வரைந்தவை அவை.

லென்ஸும் கையுமாக வந்த மதிப்பீட்டாளர் அதில் ஒன்றின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. மொட்டைமாடிக் கொடியில் ஈரத்துணிகள் காயும் படம்.

"அவர் வரைஞ்சதுலயே பெஸ்ட் இதுதாம்மா."

அவளுக்கு மனசு நிறைந்து போயிற்று. அந்தப் பூரிப்பில்தான் உளறினாள்.

"இதுல எல்லாம் கையெழுத்து மட்டும் நான் போட்டது சார். கூரியர் வந்தா அவருக்குப் பதிலா நான்தானே போடுவேன், அதே மாதிரி நீயே போட்டுடுன்னார்."

லென்ஸ் அப்படியே நின்றது. "அண்ணி, இப்ப உங்களை யார் கேட்டா?" என்று கூட நின்ற கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கையெழுத்தே போட முடியாதவர் படம் எப்படிம்மா வரைஞ்சார்?"

"பிரஷ்ஷை மணிக்கட்டோட சேர்த்துக் கட்டிவிடுவேன். தோளை ஆட்டி ஆட்டி வரைவார். கையெழுத்துக்குத்தான் விரல் வேணும்."

"நான் நம்புறேன். வாங்குறவங்க நம்ப மாட்டாங்க. இந்தப் பதினொண்ணைப் புத்தகத்துல சேர்த்தா மத்த படங்க மேலயும் சந்தேகம் வந்துடும்."

"அப்ப கையெழுத்தைச் சுரண்டிடறேன்."

"தொட்டீங்கன்னா இன்னும் மோசம்மா."

பதினொன்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பாவி, என் வாயாலேயே கெடுத்தேனே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"விலை வேணாம் சார். புத்தகத்துல அந்த ரெண்டு வருஷத்துக்கு என்ன போடுவீங்க?"

நல்ல மனுஷர்தான், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு தாளில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினார்.

'உடல்நலக் குறைவால் கடைசி இரண்டு ஆண்டுகள் ஓவியர் எதுவும் வரையவில்லை.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"தினமும் சாயங்காலம் அவர் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன் சார்" என்றாள்.