நீலக் கயிறு கட்டிய கதவு

எங்கள் ஊர் ஆம்பர்கோட்டில் மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குக் குடும்ப நடை உண்டு. தேவாலய வாசலில் கூடி, பழைய ஆலைப் பக்கமாக இறங்கி, பண்ணைக்காரர் குவில்லியத்தின் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, மேட்டில் உட்கார்ந்து கொண்டுவந்ததைத் தின்று, சுற்றி வந்து ஊர் மண்டபத்தில் கேக்கைப் பார்த்தால் நடை முடிந்தது. நாய்கள் வரும். மழைக்கோட்டுக்குள் தொலைந்துபோன குழந்தைகள் வரும். மழையும் பெரும்பாலும் வந்துவிடும்.

அந்த வருடம் என் அக்கா டாம்சினும் வருவதாகச் சொன்னாள். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து அவள் கண்ட உலகம் சமையலறை ஜன்னலும் அதற்கு வெளியே ஈரம் காயாமல் தொங்கும் துணிக்கொடியும்தான். குளிர்காலம் முழுக்க அவள் ஊற்றிய டீ ஒன்றுகூடச் சூடாகத் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

"மேட்டு மேல நின்னு ஒரே ஒரு கப் டீ. சூடா. அது கிடைச்சா அடுத்த வருஷம் வரைக்கும் நான் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அவள் மேட்டுக்குப் போக வழி ஒன்றுதான் இருந்தது, குவில்லியத்தின் நிலம். பொதுப்பாதை வேலிகளைத் தாண்டிப் போவது. ஒவ்வொரு வேலியிலும் மரப்படி ஏறி இறங்க வேண்டும். இருவர் உட்காரும் தள்ளுவண்டியை அதன்மேல் தூக்குவதும் பியானோவைப் பரணில் ஏற்றுவதும் ஒன்று. குவில்லியத்தின் நிலத்தில் மட்டும் படிகள் கிடையாது, கதவுகள். ஆனால் அது பொதுப்பாதை இல்லை. போனால் போகட்டும் என்று அவர் விட்டுவைத்திருந்த வழி.

அதற்கும் ஆபத்து வந்திருந்தது. செப்டம்பரில் நாவல் நிறக் காட்டுப்பழம் பறிக்கப் போன எங்கள் ஊர்க் கூட்டம் ஒரு கதவைத் திறந்தே போட்டுவிட்டு வந்துவிட்டது. குவில்லியத்தின் செம்மறிக் கடா கத்பர்ட் அந்த வழியாகப் பெண் வீட்டுக்கு விருந்து போய்வந்தது. விளைவாக, பிப்ரவரிப் பனியில் காலம் தப்பிக் குட்டிகள் பிறந்தன. மனிதர் அவற்றைத் தம் வீட்டு அடுப்போரம் படுக்கவைத்துப் புட்டியில் பால் கொடுத்தார். தபால் நிலைய வாசலில் ஹெஸ்டர் பிம்மைப் பார்த்தபோது, "இன்னொரு தரம் என் கதவுல யாராச்சும் கை வச்சா பூட்டுதான்" என்றாராம். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அதனால் ஊர் அதை நீண்ட சொற்பொழிவாகவே எடுத்துக்கொண்டது.

ஹெஸ்டர் பிம்தான் நடைக்குத் தலைவி. கழுத்தில் விசில், மார்பில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம். பிறந்த ஊரிலேயே அவருக்கு வரைபடம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தேவாலய வாசலில் நின்று கதவுகளைப் பற்றி அவர் பேசிய பேச்சில், செப்டம்பரில் ஊரிலேயே இல்லாதவர்கள்கூடத் தலைகுனிந்தார்கள்.

நானும் டாம்சினும் தள்ளுவண்டியோடு வரிசையின் கடைசியில் நடந்தோம். கடைசியில் போனால் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதி. வேலியோரமெல்லாம் வெள்ளைப் பூ நுரைத்துக் கிடந்தது. இரட்டையர் ஐவியும் பார்னபியும் ஒரே ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

முதல் கதவு மூடியிருந்தது. திறந்தோம். "நீங்க போங்க", "இல்லல்ல, நீங்க முதல்ல" என்று ஆளுக்கு ஆள் கதவைப் பிடித்து நின்றதில் கதவுக்கே அலுத்திருக்கும். எல்லோரும் கடந்த பிறகு ஹெஸ்டர் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். பல் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற ஆர்மராட் இன்னொரு தரம் ஆட்டினார். அவரைப் பார்த்து ஒரு சின்னப்பெண்ணும் ஆட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாவது கதவுதான் வினை. அது அகலத் திறந்து, நீலக் கயிற்றால் வேலிக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவது எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் பிப்ரவரிக் குட்டிகளுக்குப் பிறகு, குவில்லியத்தின் நிலத்தில் ஒரு கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்துபோக யாருக்கும் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து வந்தவர்கள் செய்த வேலை இது என்றார் ஆர்மராட். பழி நம் தலையில்தான் விழும் என்றார் அவர் மனைவி. குவில்லியத்திடமே போய்க் கேட்டுவிட்டால் என்ன என்று யாரோ முனகினார்கள். நிலத்துக்கு அப்பால் பண்ணை வீட்டின் கூரை தெரிந்தது. எல்லோரும் அந்தக் கூரையைப் பார்த்தோம். விடுமுறை நாளில், சாப்பாட்டு நேரத்தில், ஒரு மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டுவதா? அவருடைய ஆடுகளை ஊர்முழுக்க விரட்டிவிடுவதுகூட அதைவிடக் குறைந்த குற்றம்.

எனவே கைதூக்கி முடிவு செய்யலாம் என்றார் ஹெஸ்டர். மூடலாம் என்பதற்கு முதலில் எழுந்தது டாம்சினின் கை. பாதை போனால் அதிகம் இழப்பவள் அவள்தானே.

ஆர்மராட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல்லைப் பிடுங்கும் பொறுமையோடு முடிச்சை அவிழ்த்தார். "எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கான் பாருங்க, போக்கிரிப் பய" என்று அந்த நகரத்தானைத் திட்டினார். கயிற்றை அழகாகச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவு மூடியது. ஹெஸ்டர் ஆட்டினார், ஆர்மராட் ஆட்டினார், சின்னப்பெண்ணும் ஆட்டினாள்.

மேட்டில் வெயில் இருந்தது. டாம்சின் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள். ஆவி எழும்பியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு குட்டி. பிறகு பல. பிறகு வேறொரு பக்கத்திலிருந்து கனத்த குரலில் தாய்கள்.

பார்த்தோம். தாய் ஆடுகளெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்காகக் கீழே இறங்கியிருந்தன. குட்டிகள் மேல் வயலில் கூட்டமாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. நடுவில் நாங்கள் மூடிய கதவு. இரண்டு பக்கமும் அதில் முட்டிக்கொண்டு கதறின.

எல்லோரும் சாண்ட்விச்சுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்றார் ஹெஸ்டர்.

"அடங்காது ஹெஸ்டர். அது பசிச் சத்தம்" என்றாள் டாம்சின். கோப்பையைப் புல்லில் வைத்தாள். "வண்டியப் பாத்துக்கடி" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சரிவில் ஓடினாள். பூட்டு நிச்சயம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஓடினாள்.

அவள் போன பிறகு மற்றவர்களால் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? வரிசை எழுந்து இறங்கியது. கடைசியில் நான், குலுங்கும் வண்டியில் கெக்கலித்துச் சிரிக்கும் இரட்டையர்.

நாங்கள் சேர்ந்தபோது டாம்சின் கதவைத் திறந்து வேலியோடு ஒட்டி நின்றிருந்தாள். குட்டிகள் அவளைத் தாண்டிப் பாய்ந்து, தத்தம் தாயின் மடியைத் தேடி முட்டிக்கொண்டிருந்தன. மறுபக்கத்தில் டிராக்டரிலிருந்து குவில்லியம் இறங்கி வந்தார்.

"யாரு மூடினது?"

"நாங்கதான், மிஸ்டர் குவில்லியம். முதல்ல கை தூக்கினது நான்" என்றாள் டாம்சின்.

"கட்டித்தானே வச்சிருந்தேன்."

"ஆமா. அவுத்துட்டோம்."

அவர் மேல் வயலையும் கீழே தொட்டியையும் கைநீட்டிக் காட்டினார். "புல்லு மேல இருக்கு. தண்ணி கீழ இருக்கு" என்றார்.

ஹெஸ்டர் முன்னால் வந்து ஸாரி சொன்னார். ஆர்மராட் சுருட்டிய கயிற்றை நீட்டி ஸாரி சொன்னார். அவர் மனைவி, பிறகு அடுத்தவர், பிறகு குழந்தைகள். எங்கள் ஊரில் எதற்கும் வரிசை தானாக அமைந்துவிடும், இதற்கும் அமைந்தது. ஒவ்வொரு ஸாரிக்கும் குவில்லியம் ஓர் அடி பின்னால் போனார். கடைசியில் டிராக்டர் சக்கரம் அவர் முதுகில் இடித்தது. காது சிவந்திருந்தது.

"நிறுத்துங்க" என்றார். "பூட்டு டிராக்டர்லதான் கிடக்கு. இன்னும் ஒருத்தர் ஸாரின்னு சொன்னீங்க, எடுத்து மாட்டிருவேன்."

ஆர்மராட் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவர் காலை மிதித்தார்.

"அப்ப வழி?" என்று டாம்சின் மெதுவாகக் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் ஐவி அழ ஆரம்பித்தாள், துணைக்குப் பார்னபி. குவில்லியம் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். புட்டியில் பால் கொடுத்துப் பழகிய பார்வை.

"ரெட்டையா?"

"ரெட்டை."

"கஷ்டம்" என்றார். பிறகு, "திறந்திருந்தா திறந்து விடுங்க. மூடியிருந்தா மூடி விடுங்க. வழி இருக்கும். அதுக்கு மேல யோசிக்காதீங்க" என்றார்.

அவருக்கு அது ஒரு வருடத்துக்கான பேச்சு. கயிற்றை வாங்கி ஆர்மராட்டிடமே திருப்பிக் கொடுத்தார். "அவுக்கத் தெரிஞ்சுதில்ல, கட்டுங்க."

ஆர்மராட் கட்டினார். யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. சின்னப்பெண் மட்டும் ஆட்டினாள்.

நான் ஐவிக்குப் புட்டியைக் கொடுத்தேன். டாம்சின் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே புல்லில் அவள் கோப்பை சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. இந்நேரம் ஆறியிருக்கும். குவில்லியம் டிராக்டருக்குள் கைவிட்டு, நசுங்கிய பிளாஸ்க்கை எடுத்து, அதன் மூடியில் ஊற்றி நீட்டினார். இன்ஜின் எண்ணெயைப் போல் கறுத்த டீ. பார்னபி என் தோளில் அலறிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்த கதவில் சாய்ந்து நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வீடு திரும்பும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வாயே வெந்துபோச்சு" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.