வேலுக்குப் பின்னால் எடுத்த படங்கள்

காத்தான்குடியைத் தாண்டிய பிறகுதான் அப்பாவின் பை என் தோளில் தொங்குவதைக் கவனித்தேன். அதற்குள் அம்மா வைத்துவிட்ட டொபி மிட்டாய்கள் இருந்தன. அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டவர், விரதம் என்று ஒரு வாழைப்பழத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தார். சீனி இறங்கினால் முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு தான் யாரென்பதே அவருக்கு மறந்துபோகும்.

முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். அப்பா இல்லை.

தங்கராசா சாமியிடம் ஓடினேன். பனிச்சங்கேணியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் எங்கள் கூட்டத்தில் அவர்தான் வேல் தூக்குபவர். யாத்திரையில் எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான்.

"சாமி, அப்பாவக் கண்டீங்களா?"

"பின்னால வருவார் சாமி. எத்தின வருசம் நடந்த மனிசன்!"

"கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டாரே!"

அதுதான் பயம். கதிர்காமம் போய்ச் சேரும்வரை வாய் திறப்பதில்லை என்று அப்பா நேர்த்தி வைத்திருந்தார்.

தங்கராசா சாமியின் முகம் மாறியது. "வேல நடுவழியில இறக்கேலாது. நீங்க கிறுகிப் போய்ப் பாருங்க சாமி. ஆரையம்பதிக் கோயில்ல நாங்க நிப்பம்."

திரும்பி ஓடினேன். என் கைப்பேசி சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அப்பா தன்னுடையதை வீட்டில் விட்டு வந்திருந்தார். கழுத்தில் கமரா மட்டும்தான். மொழிபெயர்ப்பு நாவல்களில் தொலைந்துபோகிறவர்கள் கடைசியில் ஏதாவதொரு நதிக்கரையில் கிடைப்பார்கள், அல்லது கிடைக்கவே மாட்டார்கள். இரண்டாவது வகைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஒரு புடவைக்கடை வாசலில், நடப்பவர்களுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார் சாலிஹ் நானா. சற்றுமுன் எனக்கும் தந்து, பெயரும் சொன்னவர். முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானா. கமராவில் அப்பா இருந்த படத்தை அவரிடம் காட்டினேன்.

"இதென்ன புள்ள, முதுகக் காட்டி ஆளக் கேக்கிற? முகம் இல்லையா?"

இல்லை. அடுத்த படத்திலும் இல்லை. யாத்திரை தொடங்கிய அன்று, பாலத்தில் வரும் கூட்டத்தைப் படமெடுக்க நான் முன்னால் ஓடியபோது, "வேலுக்கு முன்னால போகப்படாது சாமி!" என்று தங்கராசா சாமி சத்தம் போட்டார். அதன்பிறகு எல்லாமே பின்னாலிருந்து எடுத்தவை. குதிகால்கள், நனைந்த வேட்டிகள், முதுகுகள். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று நேற்றிரவு வரை நினைத்திருந்தேன்.

"வேலுக்கு முன்னால போகக் கூடாது நானா."

சிரிக்க வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படத்தைப் பெருப்பித்தார். அப்பாவின் சால்வை ஓரத்தில் அம்மா போட்ட நீல நூல் தையல் தெரிந்தது.

"இந்தச் சால்வதான்! ஆள் ஊமையாக்கும் எண்டு நினைச்சன். சர்பத் நீட்டினன், கையால வேணாம் எண்டார். ஆத்தங்கரைப் பக்கம் போனார்."

இனிப்பென்றால் அப்பா எப்போதும் மறுத்துவிடுவார். இன்றும் மறுத்திருக்கிறார். ஆறு என்றால் இங்கே வாவிதான். அங்கே போகும் குறுகிய ஒழுங்கைக்குள் ஓடினேன்.

வாவிக்கரையில், கண்டல் மரத்தடியில், தண்ணீரைப் பார்த்தபடி அந்த முதுகு உட்கார்ந்திருந்தது.

"அப்பா!"

அசைவில்லை. மௌனமும் மயக்கமும் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுதான். அதைவிட மோசமான ஒன்றையும் நினைத்தேன், உடனே அந்த நினைப்பைத் தள்ளினேன். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். முழங்கால்வரை சேற்றில் இறங்கி அவருக்கு முன்னால் நின்றேன்.

கண்கள் திறந்திருந்தன. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன. நெற்றியில் வியர்வை திருநீற்றைக் கரைத்திருந்தது. டொபியை உரித்து உதட்டில் வைத்தேன். உதடுகள் இறுகிக் கிடந்தன.

"அப்பா, மேனுகா வந்திருக்கன். வாயத் திறங்க. பேச வேணாம், திறந்தாக் காணும்."

உள்ளே எங்கோ அது கேட்டிருக்க வேண்டும். உதடுகள் மெல்ல விலகின. ஒரு டொபி, பிறகு இன்னொன்று. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சாலிஹ் நானா நீட்டிய சர்பத்தை அப்பா இந்தமுறை மறுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவருடைய கை என் ஈரப் பாவாடையைத் தொட்டது. இதென்ன கோலம் என்று கண்ணால் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"ஓட்டோ கூப்பிடவா?" என்றார் நானா. அப்பா தலையாட்டி மறுத்து, வேல் போன திசையைக் காட்டினார்.

மெதுவாக நடந்தோம். வேல் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் அப்பாவுக்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்தேன்.

"கல்லு இரிக்கி புள்ள, பாத்து!" என்று சாலிஹ் நானா கத்தினார்.