ஊருக்கே மெயின் ஆஃப்

சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் என் வீட்டுக்காரர் எட்மண்ட், டெஸ்டரை உள்ளே விட்டு, அது எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எப்படி எரியும்? திருமுல்லைவாயில் முழுக்கக் காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயந்திரம் ஐந்து மணி வரை. இவர் பாடியில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் மெயினை இறக்கிப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்று பலகை மாட்டாமல் கை வைக்க மாட்டாராம். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதுகூட இந்தக் கதையைத்தான் சொல்வார்.

"எதுக்கும் மெயின ஆஃப் பண்ணிட்டு வாங்களேன்" என்றேன்.

"ஊருக்கே மெயின ஆஃப் பண்ணி வச்சிகிறான். நான் வேற தனியா போயி ஆஃப் பண்ணணுமா?"

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு ஒரு லைட் வேண்டுமென்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் விடியற்காலை இருட்டில் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு கிடந்தபோது நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்றார். கட்டைப் பிரித்தும் ஆறு மாதம் ஓடிவிட்டது. தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிற மனுஷன், சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் ஷட்டவுன் நாள் பார்ப்பார். கரண்ட் இருக்கிற நேரத்தில் டிவியை நிறுத்த மனசு வராது, வேறொன்றுமில்லை. நேற்றே சுவரில் ஓட்டை போட்டுப் புது வயரைப் பின்பக்கம் இழுத்துவிட்டிருந்தார். இன்றைக்கு அதைப் பழைய வயரோடு சேர்ப்பதுதான் பாக்கி.

நான் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மாடியில் குடியிருக்கும் சித்ரா மேலேயிருந்து கத்தினாள்.

"அக்கா, கரண்ட் வந்துச்சு! மோட்டார் போட்டுடவா?"

என் தலைக்கு மேல் ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. வேலை முடிந்தால் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம் என்று மின்வாரிய அறிவிப்பின் கடைசி வரியில் போட்டிருந்தது. நானும் படித்திருந்தேன், அவரும் படித்திருந்தார். சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். நான் கழுவிவிட்ட ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, போர்டிலிருந்து வெளியே இழுத்த பழைய வயரைப் பல்லில் கடித்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி இரைச்சலில் பாதி போன காது, சித்ரா கத்தியது விழவில்லை.

நான் கத்தினாலும் விழாது. சமையலறை ஃப்ரிட்ஜ் மட்டும் இன்னும் சத்தம் போடாமல் நின்றது. அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று லைன் வருகிறது; ஹால் ஒரு ஃபேஸ், சமையலறை வேறு ஃபேஸ். டிரான்ஸ்ஃபார்மரில் லைன்மேன் ஃபியூசை ஒவ்வொன்றாகத்தான் போடுவார். ஒன்றைப் போட்டுவிட்டார். அடுத்ததைக் கையில் எடுத்திருப்பார்.

கீரைத் தட்டை எங்கே போட்டேனோ தெரியாது, வாசலுக்கு ஓடினேன். படிக்கட்டுக்குக் கீழே மெயின். அதற்கு மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஃபேசுக்கு ஒன்றாக மூன்று குட்டி விளக்குகள். மெயினை இறக்கினாலும் அவை எரியும், வெளியே கரண்ட் இருக்கிறதா என்று காட்டுவதற்கு. சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உடைந்து ஒட்டிய கையாலேயே கைப்பிடியை இழுத்து இறக்கினேன்.

கையை எடுக்கவில்லை, அதற்குள் மஞ்சள் எரிந்தது. சமையலறை மஞ்சள்.

"ஹில்டா! அந்த டேப்ப எடுத்துகினு வா!"

கைப்பிடியை விட்டால் அது தானாக மேலே போய்விடும் என்று பைத்தியம் மாதிரி நினைத்துக்கொண்டு பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"கூப்டுகினே கீறேன், இங்க இன்னா பண்ற நீ?"

என் கையைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அதற்குள் நீலமும் வந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் இதே வேலை பார்த்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் ரத்தம் வற்றுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"எப்போ?" என்றார்.

"இப்பத்தாங்க."

மாடியில் மிக்சி ஓடி நின்றது. சித்ரா எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க ஊட்ல மட்டும் கரண்ட் வரலியா?" என்றாள். எட்மண்ட் என் கைமேல் தன் கையை வைத்து, ஏற்கெனவே இறங்கியிருந்த கைப்பிடியை இன்னும் கீழே அழுத்தினார். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. நாக்கு நுனியில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், இன்னொரு கையின் இரண்டு விரலால் எடுத்தார். வயரின் தோல், அரிசி அளவுக்கு. அதில் அவருடைய பல் பதிந்திருந்தது.