தோடம்பூத் தேன்

வலைத் தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேன் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் குணரத்தினம் போயிருந்தார். முகத்தை மூடாமல் எந்த மனிதன் தேனீக்களிடம் போவான்? ஞானம்பிகை உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியையே பார்த்தாள்.

இத்தாலியக் கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய மாளிகைத் தோட்டத்தில் கணவனும் மனைவியும் பல வருடங்களாக வேலை செய்தார்கள். அவர் தோட்டத்தில், அவள் குசினியில் சமையலுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் விருந்தாளிகள் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். மரக்கறி, வைன், தேன் எல்லாம் இந்த மண்ணிலேயே விளைந்தவை என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். ஒவ்வொரு தட்டோடும் அதைச் சொல்வது ஞானம்பிகையின் பொறுப்பு.

கொஞ்ச நாளாகக் கணவரின் போக்கு சரியில்லை. தேன்பெட்டிப் பக்கம் வராதே, கொட்டிப்போடும் என்றார். மாளிகைக்காரியான சிஞ்ஞோராவின் மகன் கொர்ராதோவோடு மூலையில் நின்று கதைப்பார். அவளைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். தேன் போத்தல்களை இரகசியமாக வெளியே விற்கிறார்களோ? பிடிபட்டால் அந்த வீட்டு மகனை யார் கேட்கப்போகிறார்கள்? இவருடைய வேலைதான் போகும், இந்த நாட்டில் இருக்க வாங்கிய பெர்மெஸ்ஸோவும் ஆட்டம் காணும்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள். ஆரஞ்சுத் தோடை மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன. வாசனையில் தலை சுற்றியது. பாதி வழியில்தான் உறைத்தது: எந்த மரத்திலும் ரீங்காரம் இல்லை.

பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடியைத் தூக்கினாள். காய்ந்த தேனடைகள், அடியில் உமி போலச் செத்த தேனீக்கள். பக்கத்துக் கொட்டிலில் குணரத்தினம் ஒரு நீலப் பீப்பாயிலிருந்து, மாளிகையின் படம் ஒட்டிய போத்தல்களில் தேன் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "நீர் ஏன் இஞ்சை வந்தனீர்?"

"களவாக்குமெண்டு பயந்து வந்தன். இதென்ன கூத்து?"

"மாரிக்குள்ளை ஏதோ நோய் வருத்தம் வந்து எல்லாம் செத்துப்போச்சு. இது துறைமுகத்திலை வந்திறங்கிற வெளிநாட்டுத் தேன். கொர்ராதோ கொண்டுவந்து தாறான். தாய்க்குத் தெரியக்கூடாதாம்."

"எனக்கும் தெரியக்கூடாதோ?"

"உமக்குப் பொய் சொல்ல வராது. தெரியாமல் சொன்னால் அது பொய்யில்லைத்தானே."

"அப்ப இவ்வளவு நாளும் என்ரை வாயாலை நீங்கள் பொய் சொல்லியிருக்கிறியள்."

அவர் போத்தலின் மூடியைத் திருகினார். அவள் குசினிக்குத் திரும்பி நடந்தாள்.

அந்த ஞாயிறு, ஜெனோவாவிலிருந்து வந்த ஒரு பெண் பாற்கட்டியில் தேனைத் தடவியபடி, "இதுவும் இங்கேதான் எடுத்ததா?" என்று கேட்டாள். வைன் ஊற்றிக்கொண்டிருந்த கொர்ராதோவின் பார்வை ஞானம்பிகையில் நிலைத்தது. மேசையின் தலைப்பக்கத்தில் கிழவி சிஞ்ஞோரா பெருமையோடு அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பட்டாணி காலையில் நான் பறித்தது. வைன் நம் கொடிகளில் வந்தது." அவள் தேன் கிண்ணத்தைக் காட்டினாள். "தேன் நம்முடையதில்லை, சிஞ்ஞோரா. தேனீக்கள் செத்துவிட்டன."

கொர்ராதோ சிரித்தான். "இவளுக்கு இத்தாலியன் சரியாக வராது."

சிஞ்ஞோரா கரண்டியை வைத்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தோடை மரங்களுக்கிடையே தானே நடந்தாள். குணரத்தினம் பின்னால் ஓடினார். அவள் மூடியைத் திறந்து, செத்த தேனீக்களை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"வேலை போய்விடும் என்று பயந்தேன்."

"இப்போது?"

"இப்போதும் பயம்தான்."

அவள் திரும்பி வந்து தேன் கிண்ணங்களை எடுக்கச் சொன்னாள். விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வேலை போகவில்லை. அடுத்த மாதம் புதிய பெட்டிகளும் தேனீக்களும் வந்தன. கொட்டில் பூட்டின் திறப்பைச் சிஞ்ஞோரா தன்னிடமே வைத்துக்கொண்டாள். கொர்ராதோ மட்டும் மாலையில் வாசலில் நின்று, சிரித்தபடியே, களவு பிடிப்பவனைப்போல ஞானம்பிகையின் பையை எட்டிப் பார்ப்பான். அவன் கேட்பதற்கு முன்பே அவள் பையை அகலத் திறந்து காட்டுவாள்.

பேருந்துக்கு நடக்கும்போது குணரத்தினம் ஒருநாள் கேட்டார்: "இன்னும் என்னிலை கோவமோ?"

"ஓம்," என்றாள் அவள்.

அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.